டோல்புடிலின் மண்சுவர் ஆலயம்

சிற்றூர்ச் சபைகளின் வரலாறு: பகுதி 7

இங்கிலாந்தின் தென்மேற்கில், டார்செட் மாவட்டத்தின் தலைநகரான டார்செஸ்டருக்குக் கிழக்கே ஏறத்தாழ 7 மைல் தொலைவில், பிடில் என்னும் சிற்றாற்றின் கரையோரம் டோல்புடில் என்ற ஊர் அமைந்துள்ளது. 1834-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பண்ணைக் கூலியாட்கள் அறுவர், கூலி உயர்வுக்காகச் சங்கம் அமைத்து அதில் இரகசிய உறுதிமொழி எடுக்கச் செய்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஆஸ்திரேலியக் கண்டத்திற்கு நாடு கடத்தப்பட்டனர். ‘டோல்புடில் தியாகிகள்’ என்று அவர்களுக்கு வழங்கும் பெயர் தொழிற்சங்க இயக்கத்தில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்ததே. ஆயினும், அச்சங்கம் தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதே ஊரில், பெரும்பாலும் அதே குடும்பங்களால், ஒரு மெதடிஸ்ட் சபை நடத்தப்பட்டு வந்தது என்பதும், கூடிப் பேசவும் காசு திரட்டவும் கணக்கு வைக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டது அச்சபையில்தான் என்பதும், சங்கத்தின் வரலாற்றை எழுதியோர் பலராலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்டுள்ளன. அந்தச் சபையை முன்னிறுத்தி இந்நிகழ்ச்சிகளைக் காண்பதே இப்பகுதியின் நோக்கமாகும்.

மெதடிஸ்ட் இயக்கம், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகிய ஜான் வெஸ்லியால் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. ஒழுங்கும் முறையும் பிசகாமல் ஜெபமும் நற்செயலும் செய்து வந்த இளைஞர் குழுவொன்றைப் பிறர் ஏளனமாக ‘முறைக்காரர்’ என்று பொருள்பட மெதடிஸ்ட் என அழைக்க, அப்பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று. 1791-இல் மறையும்வரை வெஸ்லி தம்மை இங்கிலாந்துத் திருச்சபையினராகவே கருதினார். அவருக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அவர் வழியினர் தனிச் சபையாயினர். இச்சபையின் அடிப்படை அலகு ‘வகுப்பு’ எனப்பட்டது. பள்ளி வகுப்போடு இதற்குத் தொடர்பில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு உறுப்பினர் ஒரு தலைவரின் பொறுப்பில் வாரந்தோறும் கூடி, தத்தம் ஆன்மிக நிலையை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லும் சிறு குழுவே வகுப்பாகும். 1742-இல் பிரிஸ்டல் நகரத்துக் கூடத்தைக் கட்டியதால் ஏற்பட்ட கடனை அடைப்பதற்காக, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரவேண்டும் என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அதைத் திரட்டவேண்டும் என்றும் செய்யப்பட்ட ஏற்பாட்டிலிருந்து இது பிறந்தது. காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர் நலமும் விசாரிக்கத் தொடங்கினார்; பின்னர் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது எளிது என்று கண்டனர்.

வகுப்பில் ஒழுங்காக நடந்துகொண்டவருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்ச் சீட்டு வழங்கப்பட்டது. கையளவேயான அந்தத் தாளில் ஒரு விவிலிய வசனமும் உறுப்பினரின் பெயரும் இருந்தன. பல ஊர்ச் சபைகளை இணைத்த அமைப்பு, நம் நாட்டுத் திருச்சபைகளில் சேகரம் என்று வழங்குவதற்கு ஏறக்குறைய இணையானது. ஒரு சேகரத்தில் ஊதியம் பெறும் போதகர் ஓரிருவரே இருந்ததால், அவர்கள் ஊர் ஊராகச் சுற்றி வந்தனர். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடையேறியவர்கள், வார நாள்களில் ஏர் பிடிப்பவரும் செருப்புத் தைப்பவரும் கொல்லு வேலை செய்பவருமாகிய ‘ஊர்ப் பிரசங்கிகள்’. எந்த ஞாயிறு எந்த ஊரில் எவர் பேசுவார் என்பதைக் கட்டம் போட்டு அச்சிட்ட தாள் ‘திட்டம்’ எனப்பட்டது. வாக்குரிமையோ நிலமோ பள்ளிப் படிப்போ இல்லாத ஒரு கூலியாளின் பெயர், பொறுப்புள்ள மனிதனின் பெயராக அச்சில் ஏறிய தாள் அக்காலக் கிராமங்களில் அது ஒன்றே எனலாம்.

டோல்புடிலில் மெதடிஸ்டுகள் தங்களுக்கென ஆலயம் ஒன்றை எழுப்பியது 1818-இல் ஆகும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1812-இல் நிறைவேறிய வழிபாட்டிடச் சட்டம், வீட்டாரைத் தவிர்த்து இருபது பேருக்கு மேல் கூடும் வழிபாட்டிடம் எதுவாயினும் முறைப்படி பதிவு பெறவேண்டும் என்று விதித்திருந்தது. பதிவு பெற்ற இடத்திற்குச் சட்டத்தின் காப்பும் கிடைத்தது. ‘ஆலயம்’ என்று சொல்லும்போது தமிழ் வாசகர் உயர்ந்த கோபுரத்தையும் மணிக்கூண்டையும் எண்ணிவிடக்கூடாது. ஊரின் பழைய தேவாலயமாகிய புனித யோவான் ஆலயம் கல்லால் கட்டப்பட்டது. நிலக்கிழாருக்கும் குத்தகைப் பண்ணையாளருக்கும் அங்கே இடம் உண்டு. மெதடிஸ்டுகளின் ஆலயமோ, அப்பகுதி மக்கள் ‘காப்’ என்று அழைக்கும் மண்சுவரால் ஆனது. களிமண்ணையும் வைக்கோலையும் நீர் விட்டு மிதித்துக் குழைத்து, ஒரு முழ உயரத்திற்கு ஒரு படையாகச் சுவர் வைத்து, அது காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த படையை வைக்கவேண்டும். ஆகவே சுவர் எழும்ப வாரங்கள் பல பிடிக்கும். கூலியாட்களின் குடிசைகளும் இதே மண்ணால்தான் கட்டப்பட்டன. தாங்கள் வாழும் வீட்டின் மண்ணையே எடுத்துத் தங்கள் இறைவனுக்கும் வீடு கட்டினர் என்பதில் வறுமை மட்டும் வெளிப்படவில்லை. எவரிடமும் கைநீட்டாமல், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், தங்கள் கையால் முடிந்ததைச் செய்துகொண்ட ஒரு தன்மானமும் வெளிப்படுகிறது.

இச்சபையில் உருவானவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் லவ்லெஸ். 1797-இல் பிறந்த இவர் ஏர் உழும் கூலியாள். மனைவியும் மூன்று குழந்தைகளும் உடையவர். வேலை முடிந்த நேரத்தில் தாமே முயன்று படித்து, சிறுகச் சிறுக இறையியல் நூல்களைச் சேர்த்து, வெஸ்லியன் மெதடிஸ்ட் ஊர்ப் பிரசங்கியாக உயர்ந்தார். அவருடைய தம்பி ஜேம்ஸ் லவ்லெஸும் பிரசங்கியே. லவ்லெஸின் சகோதரியை மணந்த தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டும் அவர் மகன் ஜானும் இதே சபையைச் சேர்ந்தவர்கள். உறவும் சபையும் இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. நிலம், குடியிருப்பு, கூலி, ஏழை நிவாரணம் ஆகிய நான்கும் மேலிடத்தார் கையில் இருந்த ஒரு சிற்றூரில், ஞாயிறன்று கல்லாலயத்தை விட்டு மண்ணாலயத்திற்குச் செல்வது, யார் யார் தலைவணங்க மறுக்கிறார்கள் என்பதை ஊரறியக் காட்டும் செயலாகவே பார்க்கப்பட்டது.

கூலித் தகராறு தொடங்கியது 1830-களின் முற்பகுதியில். 1830-இல் தென் இங்கிலாந்து முழுவதும் பண்ணைக் கூலியாட்கள் வைக்கோற்போர்களைக் கொளுத்தியும் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தும் கிளர்ந்தெழுந்தனர். பலர் தூக்கிலிடப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் நாடு கடத்தப்பட்டனர். அதன்பின் டோல்புடில் கூலியாட்கள் பேச்சுவார்த்தை வழியை நாடினர். மாவட்டத்தின் பிற இடங்களில் வழங்கும் வாரம் 10 ஷில்லிங் கூலியைத் தாங்களும் தருவதாகப் பண்ணையாளர்கள் உடன்பட்டனர் என்றும், ஊர்க் குருவானவர் அதற்குச் சாட்சியாக நின்றார் என்றும், பின்னர் அவர் அப்படியொரு வாக்கு இருந்ததையே மறுத்துவிட்டார் என்றும் ஜார்ஜ் லவ்லெஸ் எழுதியுள்ளார். கிடைத்தது 9 ஷில்லிங். அடுத்து அது 8 ஆயிற்று. பின்னர் 7 ஆயிற்று. இனி 6 தான் என்ற அறிவிப்பும் வந்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 7 ஷில்லிங் என்பது 84 பென்ஸ். அதில் வீட்டு வாடகை, விறகு, ரொட்டி, உருளைக்கிழங்கு, குழந்தைகளின் காலுக்குச் செருப்பு ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும். வகுப்புக்குத் தரவேண்டிய பென்னியும் அதிலிருந்தே வரவேண்டும்.

1833 அக்டோபரில், இலண்டனிலிருந்து வந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் அறிவுரைப்படி, ‘வேளாண் தொழிலாளர் நட்புறவுச் சங்கம்’ டோல்புடிலில் அமைக்கப்பட்டது. சங்கத்தின் விதிகளைப் படிப்பவர், சபையின் சாயலை எளிதில் இனங்காண்பர். சேரும்போது ஒரு ஷில்லிங். அதன்பின் வாரம் ஒரு பென்னி. வன்முறையால் சங்கத்தின் நோக்கம் ஒருபோதும் நிறைவேறாது என்று ஒரு விதி கூறுகிறது. கூட்ட நேரத்தில் ஆபாசப் பாட்டுக்கு இடமில்லை என்று இன்னொன்று கூறுகிறது. பிரிஸ்டல் கடனுக்காக 1742-இல் தொடங்கிய வாரப் பென்னி, 91 ஆண்டுகளுக்குப் பின் கூலி உயர்வுக்கான நிதியாக இங்கே மறுபிறப்பெடுத்தது என்று கொள்வது மிகையாகாது. பென்னியை மாதக் கணக்கில் தவறாது திரட்டவும், பேசுபவரைக் குறுக்கிடாமல் கேட்கவும், கூடியிருப்போரிடையே ஒழுங்கை நிலைநாட்டவும் பழகிய ஒரு கூட்டம், நாட்டுப்புறத்தில் மெதடிஸ்ட் வகுப்பைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைத்திருக்காது.

ஆனால் சங்கத்தில் சேர்க்கும் சடங்கு சபையிடமிருந்து வந்ததன்று. கைவினைஞர் சங்கங்களில் நெடுநாளாக வழங்கிவந்த முறைப்படி, புதிதாகச் சேர்பவரின் கண்களைக் கட்டி அறைக்குள் அழைத்துச் சென்று, மண்டியிடச் செய்து, விவிலியத்தின் ஒரு பகுதியைப் படித்து, கட்டை அவிழ்த்தவுடன் எலும்புக்கூடு வரைந்த ஓவியத்தைக் காட்டி, இரகசியம் காப்பதாக உறுதிமொழி வாங்கி, விவிலியத்தை முத்தமிடச் செய்தனர். 1833 டிசம்பர் 9 அன்று தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் வீட்டில் நடந்த இத்தகைய சடங்கில் சேர்ந்தோருள் எட்வர்ட் லெக், ஜான் லாக் ஆகிய இருவர் பின்னர் அரசுத் தரப்புச் சாட்சிகளாயினர். வகுப்பில் ஒருவர் தம் மனத்தைத் திறந்து பேசுவதே முறை; இங்கோ வாயை மூடிக்கொள்வதாக உறுதிமொழி. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் எப்படி இணைந்தன என்பதற்கு விடை, உறுதிமொழி இல்லாத சங்கம் முதல் மிரட்டலிலேயே சிதறிவிடும் என்ற அச்சத்தில் இருந்திருக்க வேண்டும்.

அந்த உறுதிமொழியைத்தான் அதிகாரத்தார் பிடித்துக்கொண்டனர். தொழிலாளர் கூடுவதைத் தடைசெய்த சட்டங்கள் 1824-இலேயே நீக்கப்பட்டிருந்ததால், சங்கம் அமைத்தது குற்றமாகாது. எனவே மோர்ட்டன் என்னும் இடத்து நிலக்கிழாரும் மாஜிஸ்ட்ரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன், உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுடன் கடிதப் போக்குவரத்து நடத்தி, 1797-இல் கடற்படைக் கலகத்தை ஒடுக்க இயற்றப்பட்ட சட்டவிரோத உறுதிமொழிச் சட்டத்தைத் தேடியெடுத்தார். 1834 பிப்ரவரி 22 அன்று எச்சரிக்கை அறிவிப்பு ஒட்டப்பட்டது. இரண்டே நாள் கழித்து, 24-ஆம் தேதி விடியற்காலையில், லவ்லெஸ் சகோதரர் இருவர், ஸ்டாண்ட்ஃபீல்டு தந்தையும் மகனும், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன் ஆகிய அறுவரும் கைது செய்யப்பட்டு, டார்செஸ்டருக்கு அந்த 7 மைலும் நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டனர். அந்நேரத்தில் நாஞ்சில் பூட்டக் கிளம்பிய ஜார்ஜ் லவ்லெஸ், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தம் வீட்டைக் காணவில்லை.

வழக்கு மார்ச் 17-இல் தொடங்கி 19-இல் தண்டனையோடு முடிந்தது. குற்றச்சாட்டை ஆராய்ந்த பெருஞ்சான்றாயத்தின் தலைவர் மெல்போர்னின் மைத்துனர். உறுப்பினருள் ஒருவர் ஃபிராம்ப்டனே. பெருஞ்சான்றாயம் என்பது, வழக்கை விசாரணைக்கு எடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழு. குற்றம் சாட்டப்பட்டோர் கூற விரும்புவது என்னவென்று கேட்கப்பட்டபோது, ஜார்ஜ் லவ்லெஸ் எழுதிக் கொடுத்த சிறு தாள், தாங்கள் எவருடைய நற்பெயருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யவில்லை என்றும், தங்களையும் தங்கள் மனைவி மக்களையும் இழிவிலிருந்தும் பட்டினியிலிருந்தும் காத்துக்கொள்ளவே ஒன்றுகூடினர் என்றும் தெரிவித்தது. நீதிபதி அதை அரங்கில் பலருக்குக் கேட்காத குரலில் படித்தார் என்பது லவ்லெஸின் குறை. ஏர் உழுபவர் ஒருவர், உயர்நீதிபதியின் முன்னிலையில், வழக்கறிஞர் துணையால் அன்றித் தம் சொந்தச் சொற்களால் இத்தனை செறிவாகத் தம் வழக்கைச் சொல்ல முடிந்தது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஞாயிறுதோறும் ஊர் ஊராக நடந்து பேசிய பிரசங்கங்களிலிருந்து வந்தது என்பதே பொருத்தமான விடை. அறுவருக்கும் 7 ஆண்டு நாடு கடத்தல் விதிக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் அதுவே உச்சத் தண்டனை.

இந்த நேரத்தில் அவர்களுடைய திருச்சபைத் தலைமை என்ன செய்தது என்பது இவ்வரலாற்றின் வேதனைக்குரிய பகுதியாகும். வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையை அன்று ஆளுமையால் ஆட்டிப் படைத்தவர் ஜேபஸ் பன்டிங். அரசுக்கு விசுவாசமான சபையாகத் தங்களை நிலைநாட்டிக்கொள்வதில் அவரும் அவரைச் சூழ்ந்தோரும் பெருங்கவனம் செலுத்தினர். பொதுமக்கள் கிளர்ச்சி எதுவும் சபையின் பெயரோடு ஒட்டிவிடக்கூடாது என்று அஞ்சினர். ஆகவே, தங்கள் பிரசங்கிகளே விலங்கிடப்பட்ட நிலையிலும், தலைமை அவர்களுக்காகக் குரல் கொடுக்க முன்வரவில்லை. அறுவரின் குடும்பங்கள் ஊர் நிவாரணம் கேட்டுச் சென்றபோது, சங்கத்துக்குச் செலுத்தக் காசு இருந்தவர்களுக்கு நிவாரணம் எதற்கு என்ற வகையில் அதிகாரத்தார் மறுத்துவிட்டனர். குழந்தைகளின் பசியைத் தீர்க்க உதவியது, இலண்டன் தொழிலாளர்கள் அமைத்த குழு அனுப்பிய பணம். 1834 ஏப்ரல் 21 அன்று இலண்டன் கோப்பன்ஹேகன் திடலில் பல்லாயிரவர் கூடி நடத்திய ஊர்வலமும், நாடெங்கும் கையெழுத்திடப்பட்ட விண்ணப்பங்களும், பாராளுமன்றத்தில் தாமஸ் வாக்லி ஓயாது எழுப்பிய கேள்விகளும் சேர்ந்து, 1836 மார்ச் 14 அன்று நிபந்தனையற்ற மன்னிப்பைப் பெற்றுத் தந்தன.

நாடு கடத்தப்பட்ட ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐவர் ‘சர்ரி’ என்ற கப்பலில் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டு, பண்ணைகளுக்குப் பிரித்து ஒதுக்கப்பட்டனர். தண்டனைக்குப் பின் சிறையில் நோயுற்ற ஜார்ஜ் லவ்லெஸ் மட்டும் தனியே டாஸ்மேனியாவுக்கு, அன்றைய வழக்கில் வான் டீமன் நிலத்துக்கு, அனுப்பப்பட்டார். மன்னிப்புச் செய்தி அவர்களை அடையவே மாதக்கணக்காயிற்று. ஜார்ஜ் 1837 ஜூனில் இங்கிலாந்து திரும்பினார். நால்வர் 1838-இலும், ஹாமெட் 1839-இலும் திரும்பினர். திரும்பிய ஆண்டே ஜார்ஜ் லவ்லெஸ் தம் அனுபவத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். இவ்வரலாற்றின் உள்விவரங்கள் பல இன்று கிடைப்பது அந்நூலால்தான். அதன் நடையில் வசனங்களைக் கையாளும் லாவகமும் அடுக்கிச் சொல்லும் முறையும் மேடைப் பேச்சின் தடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

திரும்பியோருக்கு எசெக்ஸ் மாவட்டத்தில் பண்ணைகள் குத்தகைக்கு எடுத்துத் தரப்பட்டன. அங்கும் அவர்களை ஐயத்தோடே நோக்கினர். ஹாமெட் நீங்கலாக ஐவரும் 1840-களில் கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள இலண்டன் நகரை அடுத்துக் குடியேறினர். அங்கே தாங்கள் கைதிகளாயிருந்த கதையை அவர்கள் பேசவில்லை. தங்கள் பிள்ளைகள் துருவி விசாரிப்போர் பார்வைக்கு ஆளாகக்கூடாது என்று எண்ணினர் போலும். ஆனால் சபையை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை. சீலோவாம் என்ற சிற்றூரில், விவிலியக் குளத்தின் பெயர் தாங்கிய அவ்விடத்தில், மெதடிஸ்ட் ஆலயம் எழுவதில் ஜார்ஜ் லவ்லெஸ் பங்கு கொண்டார். 1874-இல் மறைந்த அவருடைய கல்லறையும் சீலோவாமில்தான் உள்ளது. டார்செட்டில் ஏர் பிடித்தவர் ஒன்டாரியோவில் சொந்த நிலத்தில் ஏர் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரு கண்டங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

டோல்புடிலில், தன் தலைவர்களை இழந்த சபை அழிந்துவிடவில்லை. 1860-களின் தொடக்கத்தில் மெதடிஸ்டுகள் அவ்வூரில் புதிய ஆலயம் கட்டினர். மண்சுவர்க் கட்டடம் வழிபாட்டை இழந்து பண்ணைப் பொருள்கள் வைக்கும் இடமாயிற்று. 1872-இல் வார்விக்‌ஷயரில் பண்ணைத் தொழிலாளரைத் திரட்டிய ஜோசப் ஆர்ச் என்பவரும் ஒரு மெதடிஸ்ட் ஊர்ப் பிரசங்கியே என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. அவர், வெஸ்லியன் சபையிலிருந்து வேறுபட்ட ‘ஆதி மெதடிஸ்ட்’ கிளையைச் சேர்ந்தவர். அவருடைய சங்கத்தார் 1875-இல் ஹாமெட்டுக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்தனர். 1912-இல் புதிய ஆலயத்தின் முன்னே அறுவர் நினைவாக ஒரு வளைவு அமைக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்த, தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆர்தர் ஹெண்டர்சன் தாமே வெஸ்லியன் பிரசங்கியாக இருந்தவர். லவ்லெஸ் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த சொற்கள் அவ்வளைவில் பொறிக்கப்பட்டுள்ளன. அரங்கில் பலருக்குக் கேட்காமல் போனவை, ஆலய வாசலில் நுழைவோர் ஒவ்வொருவர் கண்ணுக்கும் எட்டுகின்றன.

ஊருக்கே திரும்பி வந்தவர் ஹாமெட் ஒருவரே. சடங்கு நடந்த இரவில் அங்கிருந்தவர் அவருடைய சகோதரர்தான் என்றும், மனைவி கருவுற்றிருந்த அச்சகோதரருக்காக ஜேம்ஸ் வாய் திறவாமல் தண்டனையை ஏற்றார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கட்டட வேலையாளாக உழைத்து, முதுமையில் பார்வை மங்கி, பிள்ளைகளுக்குப் பாரமாக விரும்பாமல் டார்செஸ்டர் ஏழையர் இல்லத்தில் சேர்ந்து 1891-இல் இறந்தார். அவரைப் புதைத்தது புனித யோவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். 1934-இல், சிற்பி எரிக் கில் செதுக்கிய கல் அங்கே நாட்டப்பட்டது. அதே ஆண்டில் தொழிற்சங்கப் பேரவை, முதிய பண்ணைத் தொழிலாளருக்காக ஆறு வீடுகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் அறுவருள் ஒருவர் பெயரை இட்டது. ஆண்டுதோறும் ஜூலையில் கொடிகளோடும் இசைக்குழுக்களோடும் பல்லாயிரவர் அவ்வூருக்கு வருகின்றனர். 1818-இன் மண்சுவரோ நூறாண்டுக்கு மேல் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத பண்ணைக் கொட்டகையாகவே நின்று, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறி, இந்நூற்றாண்டில்தான் அதைச் செப்பனிடவென்றே அமைந்த அறக்கட்டளை ஒன்றின் கைக்கு வந்து சேர்ந்தது.